ஒற்றைக் கால் வீக்கமா? தைல பாட்டிலை அப்புறம் எடுக்கலாம்!

உங்கள் இரண்டு கால்களையும் இப்போதே ஒரு தடவை குனிந்து பாருங்கள். கெண்டைக்கால் இரண்டும் ஒரே பருமனாக இருக்கிறதா? நல்லது. சாயங்காலம் ஆனால் இரண்டு காலும் லேசாக வீங்கி, காலையில் வடிந்துவிடுகிறது என்றால் அது தனிக் கதை. ரத்தசோகை, சிறுநீரகம், இதயம், நாள் பூரா நின்றுகொண்டே செய்கிற வேலை என்று அதற்குப் பல காரணம் உண்டு. அதுக்கும் டாக்டரைப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் நான் இங்கே பேசப்போவது ஒற்றைக் கால் வீக்கம் பற்றி.

முந்தாநாள் வரைக்கும் நல்லா இருந்த கால், ஒன்றிரண்டு நாளில் பருத்துப் போகும். ஆடுசதை இறுகிக் கல்லு மாதிரி ஆகும். தொட்டால் சூடு. நடந்தால் உள்ளே யாரோ பிடித்து இழுக்கிற மாதிரி வலி. சில பேருக்குத் தோல் சிவந்தோ கறுத்தோ தெரியும். இப்படி ஒரு காலோடு நிறைய பேர் முதலில் வந்து நிற்பது என்னைப் போன்ற சித்த வைத்தியரிடம்தான்.

"ஐயா, கால்ல வாயு புடிச்சிக்கிச்சு. நல்லா உருவி விட்டு, ஒரு தைலம் குடுங்க."

நான் உருவி விடுவதில்லை, தைலமும் தருவதில்லை. "இன்னிக்கே டாப்ளர் ஸ்கேன் எடுத்துட்டு வாங்க" என்பேன். உடனே முகம் சுருங்கிவிடும். சித்த வைத்தியரிடம் வந்தால் இவரும் ஸ்கேனுக்கு அனுப்புகிறாரே என்று சிலர் வாய்விட்டே சொல்வார்கள். சித்த மருத்துவத்தில் தொக்கணம் என்று உடம்பு பிடிக்கிற முறையையே ஒன்பது வகையாகப் பிரித்துச் சொல்லித் தருகிறார்கள். அவ்வளவையும் படித்தவன் ஏன் அந்தக் காலைத் தொடப் பயப்படுகிறேன்?

உள்ளே ரத்தம் உறைந்து கட்டியாக நிற்கலாம். அதுதான் பயம்.

காலின் ஆழத்தில் ஓடுகிற சிரைகளில், அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்களில், சில சமயம் ரத்தம் உறைந்துவிடுகிறது. (நம்ம ஊரில் சிரையையும் நரம்பு என்றே சொல்லிவிடுகிறோம். 'பச்சை நரம்பு', 'நரம்பு சுருட்டிக்கிச்சு' என்பதெல்லாம் சிரையைத்தான். நிஜ நரம்பில் ரத்தம் ஓடாது!) அந்தக் கட்டி அங்கேயே கிடந்தால் கால் வலியோடு போகும். பிய்த்துக்கொண்டு கிளம்பினால்? தொடை வழியாக, வயிற்றின் பெரிய சிரை வழியாக, இதயத்தின் வலது பக்கம் புகுந்து, நேராக நுரையீரல் குழாயில் போய் அடைத்துக்கொள்ளும். திடீரென்று மூச்சு வாங்கும். மூச்சை இழுத்தால் நெஞ்சு குத்தும். இருமினால் ரத்தம் வரலாம். மயங்கி விழலாம். சில பேருக்கு அந்த மயக்கமே கடைசி. அழுத்தி உருவுவது அந்தக் கட்டியைத் தள்ளிவிடுகிற வேலையாக முடியலாம். இப்போது சொல்லுங்கள், கை வைக்கலாமா?

உட்கார்ந்தே கிடந்தால்…

ஜெர்மனியில் பெர்லின் நகரத்தில் ருடால்ஃப் விர்ஹோ என்று ஒரு டாக்டர் இருந்தார். நுரையீரலில் அடைத்திருக்கும் கட்டி அங்கே உண்டானது அல்ல, காலில் இருந்து பயணம் செய்து வந்தது என்று 19-ம் நூற்றாண்டின் நடுவில் நிரூபித்தவர் அவர். அவர் பிறந்த அக்டோபர் 13-ம் தேதியைத்தான் 2014-லிருந்து உலக ரத்த உறைவு தினமாக அனுசரிக்கிறார்கள். ஓட்டம் மந்தமாவது, குழாய்ச் சுவர் காயப்படுவது, ரத்தமே உறைகிற குணம் கூடுவது என்ற மூன்று காரணங்களை இன்றைக்கும் அவர் பெயரால்தான் டாக்டர்கள் படிக்கிறார்கள்.

முதல் காரணத்துக்கு ஒரு சரித்திரமே இருக்கு. 1940-ல் லண்டன் மேல் ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டபோது ஜனங்கள் ராத்திரி முழுக்கப் பதுங்குமிடங்களில் உட்கார்ந்திருந்தார்கள். படுக்க இடமில்லை, கான்வாஸ் சாய்வு நாற்காலிதான். அதன் முன்பக்கக் கட்டை தொடையின் அடிப்பாகத்தை அழுத்தும். குண்டுக்குத் தப்பியவர்கள் காலையில் எழுந்து நாலு எட்டு வைத்ததும் சுருண்டு விழுந்தார்கள். பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் கீத் சிம்ப்ஸன் நுரையீரலில் அடைத்த கட்டிகளைப் பார்த்தார். இப்படிப்பட்ட சாவுகள் முந்தைய ஆண்டைவிட ஆறு மடங்கு ஏறியிருப்பதாக அதே ஆண்டில் எழுதினார். அதற்குப் பிறகு பதுங்குமிடங்களில் கால் நீட்டிப் படுக்கப் பலகைக் கட்டில்கள் வந்தன.

நம்முடைய ஆடுசதையை இரண்டாவது இதயம் என்று சொன்னால் மிகையில்லை. நடக்கும்போது அது சிரையைப் பிழிந்து ரத்தத்தை மேலே தள்ளுகிறது. கீழே வழியாமல் இருக்கச் சிரைக்குள் குட்டிக் குட்டிக் கதவுகள் உண்டு. மணிக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்தால் இந்தக் கதவுகளுக்குப் பின்னால் இருக்கிற பொந்துகளில் ரத்தம் தேங்கும், பிராணவாயு குறையும், உறைதல் பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கும். நாலு மணி நேரத்துக்கு மேல் விமானத்தில் போனால் ஆபத்து சுமார் இரண்டு மடங்கு ஆகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-ல் சொன்னது. பயந்துவிடாதீர்கள், அப்படிப் பயணம் செய்யும் சுமார் 6,000 பேரில் ஒருவருக்குத்தான் வருகிறது. விமானம் மட்டுமல்ல, பஸ், கார், ரயில் எதில் உட்கார்ந்தாலும் கதை ஒன்றுதான்.

அப்போ கரடிக்கு ஏன் வருவதில்லை? வேடிக்கையான கேள்விதான், ஆனால் விஞ்ஞானிகள் நிஜமாகவே கேட்டார்கள். குளிர்காலம் முழுக்க மாதக்கணக்கில் குகையில் அசையாமல் தூங்குகிற பழுப்புக் கரடி, வசந்தத்தில் எழுந்து ஜம்மென்று நடந்து போகிறது. ஸ்வீடன் காட்டுக் கரடிகளின் ரத்தத்தை ஆராய்ந்து 2023-ல் பதில் சொன்னார்கள்: தூங்குகிற காலத்தில் அதன் தட்டணுக்களில் ஹெச்.எஸ்.பி.47 என்ற ஒரு புரதம் அடியோடு இறங்கிவிடுகிறது. தண்டுவடம் அடிபட்டு வருஷக்கணக்காகப் படுக்கையில் இருக்கும் மனிதர்களிடமும் இதே புரதம் குறைந்திருந்தது. அதாவது, உறைய வைக்கும் புரதத்தைத் தேவைப்படி ஏற்றவும் இறக்கவும் உடம்புக்கே தெரிந்திருக்கிறது. அதற்கு உடம்பிடம் பல வழிகள் உண்டு. அதில் ஒரு வழிதான் இப்போது ஆராய்ச்சிக்கூடங்களில் பரபரப்பாகப் பேசப்படும் ஆர்.என்.ஏ. சமாசாரம்.

சமையற்கட்டுக்குப் போகும் சீட்டு

ஆர்.என்.ஏ. என்றதும் பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள், சுலபமாகவே சொல்கிறேன். ஒரு கல்யாண வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பெரிய நோட்டில் எல்லாப் பதார்த்தத்துக்கும் பக்குவம் எழுதி உள்ளறையில் பூட்டி வைத்திருக்கிறார்கள். அதுதான் டி.என்.ஏ. அதிலிருந்து வேண்டியதை மட்டும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிச் சமையற்கட்டுக்கு அனுப்புகிறார்கள். அந்தச் சீட்டுதான் ஆர்.என்.ஏ. சீட்டைப் பார்த்து சமையற்காரர் செய்து இறக்குவது புரதம். ரத்தத்தை உறைய வைப்பதும் புரதங்கள்தான், உறைந்தது போதும் என்று பிரேக் போடுவதும் புரதங்கள்தான்.

நான் சித்த மருத்துவக் கல்லூரியில் படித்த நாளில் பாடம் இத்தோடு முடிந்தது. நம் டி.என்.ஏ.வில் சுமார் 300 கோடி எழுத்துகள் இருந்தாலும், புரதம் செய்யக் குறிப்பு சொல்வது அதில் 2 சதவிகிதத்துக்கும் குறைவு. மிச்சத்துக்கு 'குப்பை' என்றுகூடப் பெயர் வைத்திருந்தார்கள். ஆனால் அந்த மிச்சத்திலிருந்தும் சீட்டுகள் கிளம்பிக்கொண்டேதான் இருந்தன. சமைக்கச் சொல்லாத சீட்டுகள்! அவைதான் புரதக் குறிப்பு இல்லாத ஆர்.என்.ஏ.க்கள்.

1993-ல் அமெரிக்காவின் விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ருவ்கன் இருவரும் ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள புழுவில் இப்படி ஒரு குட்டிச் சீட்டைக் கண்டுபிடித்தார்கள். எழுத்துகள் இருபத்திரண்டு இருந்தால் அதிகம். அது போய் வேறொரு பெரிய சீட்டோடு ஒட்டிக்கொள்கிறது. ஒட்டியதும் அந்தப் பெரிய சீட்டு செல்லாமல் போகிறது. கல்யாண வீட்டில் ஒரு பெரியவர் இருப்பாரே, "ஏம்ப்பா, வடை போதும், நிறுத்து" என்று சீட்டைப் பிடுங்கிக் கிழிப்பவர், அவர்தான் இந்த மைக்ரோ ஆர்.என்.ஏ. புழுவுக்கு மட்டும் உள்ள விசித்திரம் என்றுதான் முதலில் நினைத்தார்கள். 2000-ல் இன்னொன்று கிடைத்தது, அது மனிதன் வரைக்கும் இருந்தது. 2024-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. நீளமான ஆர்.என்.ஏ.க்களும் உண்டு. அவற்றில் சில, அந்தப் பெரியவருக்கே பேச்சுக் கொடுத்து உட்கார வைத்துவிடும். அந்த நேரத்தில் வடை தாராளமாக வெந்து இறங்கும்!

இனி இதைக் கால் சிரைக்குக் கொண்டு வருவோம்.

உறைதலுக்கு பிரேக் போடும் புரதங்களில் ஒன்று புரோட்டீன் எஸ். கர்ப்ப காலத்தில் இது தானாகக் குறையும். பிரசவத்தில் ரத்தம் அளவுக்கு மீறிக் கொட்டிவிடாமல் இருக்க இயற்கை செய்த ஏற்பாடு அது. ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கும் குறையும். எப்படிக் குறைகிறது? கல்லீரல் செல்களை வைத்துச் சோதனைச்சாலையில் பார்த்ததில் ஒரு வழி தெரிந்தது: ஈஸ்ட்ரோஜன் மைக்ரோ ஆர்.என்.ஏ. 494 என்பதைக் கூட்டுகிறது, அது புரோட்டீன் எஸ் சீட்டைக் கிழிக்கிறது. இதேபோல ரத்தத்தை நாராகப் பின்னும் ஃபைப்ரினோஜனின் அளவை 29 என்ற எண்ணுள்ள குடும்பம் குறைக்கிறது. சிரையின் உள்சுவரைப் பதமாக வைத்திருப்பதில் 126-க்குப் பங்கு உண்டு. உண்டான கட்டியைக் கரைத்துப் பாதை திறக்கும் வேலையிலும் அது உதவுவதை எலிகளில் பார்த்திருக்கிறார்கள்.

இதெல்லாம் சோதனைக் குழாய் விவகாரம், மனிதனுக்கு என்ன என்று கேட்பீர்கள். நியாயம். அதற்கு மருந்தே சாட்சி. ரத்தம் உறையாத ஹீமோஃபீலியா நோய்க்கு ஃபிட்டுசிரான் என்ற ஊசி மருந்தை 2025 மார்ச்சில் அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதித்தது. அந்த மருந்தே ஒரு குட்டி ஆர்.என்.ஏ.தான்! கல்லீரலுக்குள் போய், ஆன்டித்ராம்பின் என்ற பிரேக்கின் சீட்டைக் கிழிக்கிறது. பிரேக் தளர்ந்ததும் ரத்தம் உறையும் சக்தி ஏறுகிறது. அந்த மருந்தின் மேலேயே கட்டம் கட்டி என்ன எச்சரிக்கை போட்டிருக்கிறார்கள் தெரியுமா? 'ரத்தக்கட்டி உண்டாகலாம்' என்று! ஒரே ஒரு சீட்டைக் கிழித்தால் மனித ரத்தம் உறையும் பக்கம் சாயும் என்பதற்கு இதைவிடத் தெளிவான அத்தாட்சி வேண்டாம்.

எதிர்த்திசையிலும் செய்து பார்த்திருக்கிறார்கள். 2015-ல், மூட்டு மாற்று ஆபரேஷன் செய்துகொண்ட சுமார் 300 பேரை வைத்து நடந்த ஆராய்ச்சி அது. உறையும் காரணி 11-ன் சீட்டைக் கிழிக்கிற மருந்தைக் கூடுதல் அளவில் பெற்றவர்களில் 4 சதவிகிதம் பேருக்குத்தான் காலில் கட்டி தென்பட்டது. வழக்கமான ஊசி போட்டவர்களில் அது 30 சதவிகிதம். பெரும்பாலானவை வலியே இல்லாமல் படத்தில் மட்டும் தெரிந்த கட்டிகள்தான் என்றாலும் வித்தியாசம் பெரிது. ஆனால் கால் கட்டிக்கான மருந்தாக அது இன்னும் கடைக்கு வரவில்லை.

விளம்பரத்தில் ஏமாறாதீங்க

வாதம், பித்தம், கபம் கூடினாலும் குறைந்தாலும் நோய் என்பது எங்கள் மருத்துவத்தின் அடிப்படை. ஆகவே 'சித்தர்கள் அன்றைக்கே ஆர்.என்.ஏ.வைச் சொல்லிவிட்டார்கள்' என்று மேடையில் முழங்குகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. அவர்கள் நாடியைப் பார்த்தார்கள், இவர்கள் புழுவைப் பார்த்தார்கள். இரண்டையும் முடிச்சுப் போட்டு லேகியம் விற்பது வியாபாரம். 'ஜீனைச் சரிசெய்யும் மூலிகை' என்று யாராவது விற்றால் பணத்தைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாடு விஷயத்திலும் இப்படி ஒரு ஆசை வந்தது. அரிசியில் உள்ள மைக்ரோ ஆர்.என்.ஏ. நம் ரத்தத்தில் கலந்து ஜீனையே இயக்குகிறது என்று சீனாவின் நான்ஜிங் பல்கலைக்கழகத்தினர் 2012-ல் எழுதினார்கள். 'உணவே மருந்து' என்று பேசுகிற எனக்கு வாயில் சர்க்கரை போட்ட மாதிரி இருந்தது. ஆனால் அடுத்த ஆண்டே மற்ற ஆராய்ச்சியாளர்கள் செய்து பார்த்து, அப்படி எதுவும் கிடைக்கவில்லை என்றுவிட்டார்கள். ஆகவே சோற்றைச் சோறாகவே சாப்பிடுவோம்.

சரி, ரத்தத்தில் இந்த ஆர்.என்.ஏ.க்களை அளந்து கட்டி இருக்கிறதா என்று சொல்லிவிட முடியாதா? அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார்கள். இப்போது இருக்கிற டி-டைமர் என்ற ரத்தப் பரிசோதனைக்கு ஒரு பலவீனம் உண்டு. சந்தேகம் குறைவாக இருக்கும் ஆளுக்கு டி-டைமரும் குறைவாக வந்தால் 'கட்டி இல்லை' என்று நிம்மதியாகச் சொல்லலாம். கூடுதலாக இருந்தால் குழப்பம்தான். ஏனென்றால் காய்ச்சல், கர்ப்பம், ஆபரேஷன், வயசு எல்லாவற்றிலும் அது ஏறும். ஆர்.என்.ஏ. பரிசோதனை அந்த இடத்தை நிரப்பும் என்பது ஆசை. சிக்கல் என்னவென்றால், ஒரு ஆராய்ச்சியில் கிடைத்த பட்டியல் இன்னொன்றில் கிடைப்பதில்லை. ஊசி குத்தி எடுக்கும்போது சிவப்பணு கொஞ்சம் உடைந்தாலும் அதற்குள் இருக்கும் ஆர்.என்.ஏ. கொட்டிக் கணக்கைக் கெடுத்துவிடும். நோயாளிக்கு ஹெப்பாரின் ஊசி போட்டிருந்தால் அளக்கிற முறையே தடுமாறும். எனவே இன்றைய தேதியில் உங்கள் காலுக்கு டாப்ளர் ஸ்கேன்தான் தீர்ப்பு சொல்லும். ஸ்கேன் கருவியால் சிரையை அழுத்திப் பார்ப்பார்கள். நல்ல சிரை அமுங்கும், கட்டி இருந்தால் அமுங்காது. வலியில்லை, ஊசியில்லை.

பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணி குடுங்க

வீட்டுப் பெரியவர்களிடம் இதைச் சண்டை போட்டாவது சொல்ல வேண்டியிருக்கு. பிள்ளை பெற்ற பெண்ணுக்குப் பிரசவத்துக்குப் பிறகு ஆறு வாரம் வரை ரத்தம் உறையும் ஆபத்து தூக்கலாகவே இருக்கும். அந்த நேரத்தில்தான் சில வீடுகளில் 'வயிறு போட்டுடும், தண்ணி குடுக்காதே' என்று சொட்டுச் சொட்டாகக் கொடுத்து, இருட்டறையில் படுக்கவும் வைக்கிறார்கள். ஏற்கெனவே பிரேக் தளர்ந்த ரத்தம், அதில் தண்ணீரும் வற்றினால்? காலில் மட்டுமல்ல, மூளையின் சிரையிலும் உறையும். பிரசவத்துக்குப் பின் வரும் இந்த மூளைச் சிரை உறைவை நம் நாட்டு ஆஸ்பத்திரிகள் நிறையவே பார்த்திருக்கின்றன. தாங்க முடியாத தலைவலி, வாந்தி, வலிப்பு வந்தால் 'ஜன்னி கண்டிருக்கு' என்று கஷாயம் வைத்துக்கொண்டு இருக்காதீர்கள். அந்த நிமிஷமே பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். அதேபோல் கர்ப்பிணிக்கு இடது கால் மட்டும் வீங்கினால் 'மாசமா இருந்தா வீங்கத்தான் செய்யும்' என்று விட்டுவிட வேண்டாம். இடது பக்கச் சிரையை வலது பக்கத் தமனி குறுக்கே அழுத்துவதால் கட்டி அந்தக் காலில்தான் அதிகம் வரும்.

கோயிலுக்குப் போகணும், கல்யாணம் வருது என்று நாள் தள்ளிப்போட மெடிக்கல் ஷாப்பில் கேட்டு மாத்திரை வாங்கும் சகோதரிகளே! உங்களுக்கோ, அம்மாவுக்கோ, கூடப் பிறந்தவர்களுக்கோ முன்பு கட்டி வந்திருந்தால், டாக்டரிடம் அதைச் சொல்லாமல் எந்த ஹார்மோன் மாத்திரையும் வேண்டாம்.

கட்டி இருக்கிறது என்று ஸ்கேன் சொல்லிவிட்டால் ரத்தம் உறையாமல் இருக்க மருந்து கொடுப்பார்கள். குறைந்தது மூன்று மாதம். "அதை நிறுத்திட்டு சித்தா எடுத்துக்கலாமா?" என்று கேட்டு வருகிறார்கள். கூடாது. "அட்டை விடலாமா?" என்றும் கேட்கிறார்கள். அட்டையின் எச்சிலில் ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள் இருப்பதை 1884-லேயே ஜான் ஹேக்ராஃப்ட் கண்டுபிடித்தார், அதை வைத்து நவீன ஊசி மருந்துகளும் வந்தன. ஆனால் தோலில் கடிக்கிற அட்டையால் ஆழத்துச் சிரையில் கிடக்கும் கட்டியைக் கரைக்க முடியாது. நீங்கள் ரத்தம் உறையாத மாத்திரையில் இருந்தால், அட்டை கடித்த இடத்தில் ரத்தம் நிற்காது.

மூலிகைக்குப் பக்க விளைவே கிடையாது என்பவர்களுக்கு ஒரு சேதி. வார்ஃபரின் மாத்திரையின் மூலமே ஒரு செடிதான். 1920-களில் வட அமெரிக்காவில் கெட்டுப்போன இனிப்பு குளோவர் வைக்கோலைத் தின்ற மாடுகள் ரத்தம் கொட்டிச் செத்தன. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் கார்ல் லிங்க் அந்தக் கெட்ட வைக்கோலில் இருந்த பொருளைப் பிரித்தார். அதன் வழியில் வந்த வார்ஃபரின் முதலில் எலிப் பாஷாணமாக விற்று, பிறகுதான் மனிதனுக்கு மருந்தானது. வார்ஃபரின், அசிட்ரோம் சாப்பிடுகிறவர்கள் பூண்டு மாத்திரை, மீன் எண்ணெய் மாத்திரை, சூரணம் எதைப் புதிதாகத் தொடங்கினாலும் டாக்டரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். ஐ.என்.ஆர். என்ற பரிசோதனையில் 2-க்கும் 3-க்கும் நடுவில் ரத்தம் நிற்க வேண்டும். இறங்கினால் கட்டி, ஏறினால் ரத்தக்கசிவு.

கீரை சாப்பிடலாமா என்று கேட்காதவர்களே இல்லை. சாப்பிடலாம். கீரையில் உள்ள வைட்டமின் கே இந்த மாத்திரையின் வேகத்தைக் குறைக்கும், அதனால் அளவுதான் முக்கியம். வாரத்துக்கு இரண்டு நாள் முருங்கைக்கீரை என்று பழகிய வீடானால் அதே இரண்டு நாள், அதே ஒரு கரண்டி. ஒரு மாதம் முழுக்க விட்டுவிட்டு, பொரியல் நல்லா இருக்கே என்று ஒரே வாரம் தினமும் தின்றால் ஐ.என்.ஆர். கீழே போகும். ரிவராக்ஸபான், அபிக்ஸபான் மாத்திரைகளுக்கு இந்தக் கீரைக் கணக்கு கிடையாது. உங்களுடையது எந்த மாத்திரை என்று அட்டையைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.